வரப்பை நான் நகர்த்தவில்லை

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டு மாடி அறையை ஓர் எகிப்துப் பூசாரிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் எகிப்துக்காரர் அல்ல. ஐரோப்பாவில், வருடம் முழுக்கத் தூறிக்கொண்டே இருக்கும் ஏதோ ஓர் ஊரில் முப்பது வருடம் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு பழைய எகிப்தின் சாமிகளைக் கும்பிட ஆரம்பித்தாராம். முதலில் எகிப்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார்.

"அங்கே டிக்கெட் வாங்கினால் கோயிலுக்குள் போகலாம். ஆனால் கும்பிடக் கூடாது. ஒரே ஒரு ஊதுவத்தி கொளுத்தினேன், காவலாளி ஓடி வந்து அணைத்துவிட்டார்" என்றார்.

அப்புறம் யாரோ சொல்லித் திருவண்ணாமலைக்கு வந்திருக்கிறார். பெரிய கோயிலில் விடியற்காலையில் சாமியை எழுப்பி, குளிப்பாட்டி, துணி கட்டி, சோறு படைப்பதைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதாராம். ஆயிரத்தைந்நூறு வருடம் முன்பே உலகத்தில் நின்றுபோனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்த வேலை, இங்கே ஒரு நாள்கூட விடாமல் நடந்துகொண்டிருந்தது. இனி இந்த ஊரை விட்டு நகர்வதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்.

ஆசிரமம் பக்கத்து அறைகளை எல்லாம் பார்த்துவிட்டு, அங்கிருந்து மேற்குத் திசை சரியாகத் தெரியவில்லை என்று எங்கள் அடி அண்ணாமலைக்கு வந்தார். மேற்குதான் செத்தவர்கள் போகும் திசை, அதைத் தினமும் பார்த்துப் பழக வேண்டும் என்பது அவர் மதம். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் கிழக்கே மலை, மேற்கே தெருவும் அதைத் தாண்டிக் கழனிகளும். பார்த்ததும் சம்மதம் சொல்லிவிட்டார். என் கணவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"தண்ணி ஜாஸ்தி செலவாவுமா?"

வெள்ளைக்காரர்கள் கம்மியாகக் குளிப்பார்கள் என்பது அவர் நினைப்பு. வந்தவரோ பகலில் இரண்டு தடவை, ராத்திரியில் இரண்டு தடவை, பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். அந்தக் காலத்துப் பூசாரிகளின் விதி அது. கம்பளி கூடாது, தோல் செருப்பு கூடாது, மீன் கூடாது. வெள்ளை நார்த்துணி மட்டும்தான் உடம்பில் படலாம். ஒன்று விட்டு ஒரு நாள் உடம்பில் ஒரு முடி இல்லாமல் மழித்துக்கொள்ள வேண்டும். எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருந்தவர் முதல் நாளே தயங்கினார்.

"சார், தலை எடுக்கறேன், மீசை எடுக்கறேன். புருவத்தையும் எடுத்துட்டா அப்புறம் மூஞ்சியில இன்னா மிச்சம் இருக்குது?"

ஆனாலும் எடுத்தார். ஊர் அவருக்கு மொட்டை சாமி என்று பெயர் வைத்து, ஒரே வாரத்தில் அவரைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டது. இந்த ஊரில் அப்படித்தான். ஒரு காலில் நிற்கிறவர், பேசாதவர், பாலை மட்டும் குடிக்கிறவர் என்று வருடம் முழுக்க ஆட்கள் வந்து போகும் வழியில், புருவம் இல்லாத ஒருவர் யாருக்கும் பெரிய விஷயம் இல்லை.

அவர் அறையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் முழங்கை உயரத்தில் ஒரு சாமி, மனித உடம்பு, நீண்டு வளைந்த மூக்குள்ள பறவைத் தலை. காலையில் பெட்டியின் களிமண் முத்திரையை உடைத்து, சாமியைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ரொட்டியும் வாழைப்பழமும் படைப்பார். பிறகு பெட்டியை மூடிப் புது முத்திரை வைத்துவிட்டு, தன் காலடித் தடத்தைத் தானே துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வெளியே வருவார். முதல் வாரம் அப்படி வந்ததில் இரண்டு தடவை மாடிப்படியில் விழுந்தார். சாமியின் பெயர் தோத் என்றார்.

"தோத்துட்டாரா? யாருகிட்ட?" என்றார் என் கணவர்.

எழுத்துக்கும் கணக்குக்கும் அவர்தான் சாமி, செத்தவனை விசாரிக்கும்போது பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பவர் என்று மொட்டை சாமி விளக்கினார். நான் அப்போது வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் டைப்பிஸ்ட். என் வேலையைச் சொன்னதும் மொட்டை சாமி எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். அந்த வேலைக்கு அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. அதில் கொஞ்சம் மயங்கித்தான் அடுத்து அவர் கேட்டதற்கு ஒத்துக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் கேட்டது இதுதான். செத்த பிறகு ஒருவன் நாற்பத்திரண்டு நீதிபதிகள் முன்னால் நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒவ்வொரு தப்பையும் நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். அதை உயிரோடு இருக்கும்போதே தினமும் சூரியன் மறையும் நேரத்தில் உரக்கச் சொல்லிப் பழகுவதுதான் அவருடைய விரதம். எந்த மண்ணில் நிற்கிறாரோ அந்த மண்ணின் பாஷையில் சொல்ல ஆசைப்பட்டார்.

"இந்த மலைக்கு ஆங்கிலம் தெரியாது இல்லையா?" என்றார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவர் கொடுத்த ஆங்கில நகலைப் பார்த்து ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே தமிழில் தட்டினேன். எனக்குத் தெரிந்த தமிழ் ஆபீஸ் தமிழ். 'மேற்படி நபருக்குச் சொந்தமான உடைமைகளை நான் அபகரிக்கவில்லை என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன்' என்று முதல் வரியை எழுதிக்கொண்டு போனேன். பாதி சொல்வதற்குள் அவருக்கு மூச்சு முட்டியது.

"நீங்கள் வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அப்படி எழுதுங்கள்" என்றார்.

அதனால் எளிய வார்த்தைகளாகப் போட்டேன். அடுத்தவன் நிலத்தைக் குறைக்கவில்லை என்று இருந்ததை 'வரப்பை நான் நகர்த்தவில்லை' என்று எழுதினேன். ஓடும் தண்ணீரை மறிக்கவில்லை என்பது 'அடுத்தவன் முறையில் மடையை நான் திருப்பவில்லை' என்று ஆயிற்று. பால் பற்றிய வரி 'குழந்தை குடிக்கிற பாலில் நான் கை வைக்கவில்லை' என்று வந்தது. நீதிபதிகளின் பெயர்களை அப்படியே தமிழாக்கினேன். நீள நடைக்காரர், மூக்கர், வெள்ளைப் பல்லர், எலும்பை முறிப்பவர், முகம் பின்னால் உள்ளவர். ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் இருந்தது. அந்த ஊர்கள் எல்லாம் இப்போது மணலுக்கு அடியில் இருக்கின்றன, மலைக்குத் தெரிந்த ஊர்களாகப் போட்டுவிடுங்கள் என்றார் அவர். பஸ் போர்டில் பார்த்த ஊர்களை வரிசையாகப் போட்டேன். செங்கம், போளூர், கீழ்பெண்ணாத்தூர், சோமாசிபாடி. 'வேங்கிக்காலிலிருந்து வரும் மூக்கரே' என்று எழுதியது மட்டும் எங்கள் சூப்பரின்டெண்டென்ட்டை நினைத்து. அதைத் தெரிந்தேதான் செய்தேன். மற்றது எதையும் யாரையும் நினைத்துச் செய்யவில்லை.

அந்த விரதத்தில் இன்னொரு விதி இருந்தது. அன்றைக்கு எந்த வரி உண்மை இல்லையோ, அந்த வரியைச் சொல்லக் கூடாது. அந்த இடத்தில் வாயை மூடி நிற்க வேண்டும், மறுநாள் அந்தத் தப்பைச் சரி செய்ய வேண்டும். ஒரு சாயங்காலம் 'நான் குரலை உயர்த்தவில்லை' என்கிற இடத்தில் அவர் பேசாமல் நின்றார். காலையில் நைவேத்திய வாழைப்பழத்தைத் திருடிய குரங்கைக் கத்தித் துரத்தியிருந்தார். மறுநாள் ஒரு சீப்புப் பழத்தோடு மாடியில் உட்கார்ந்து, வந்த குரங்கிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்கு மறுநாள் இருபது குரங்குகள் வந்தன.

ஊர்ப் பிரச்சினை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. டிராம் ஓட்டிய ஆள், குரல் கனம். சூரியன் கழனிக்கு மேல் இறங்கும்போது மொட்டை மாடியில் கைகளைத் தூக்கிக்கொண்டு, தெருவைப் பார்த்து, எழுத்துக்கூட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"செங்கத்திலிருந்து வரும் நீள நடைக்காரரே! குழந்தை குடிக்கிற பாலில் நான் கை வைக்கவில்லை!"

எங்கள் எதிர்வீட்டுப் பால்காரருக்குச் செங்கம்தான் சொந்த ஊர். ஆள் உயரம், நீள எட்டு வைத்து நடப்பவர். அவர் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். அப்போதுதான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் மொட்டை சாமி அடுத்த வரிக்குப் போய்விட்டார். மடையைத் திருப்பவில்லை. அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்கவில்லை. வரப்பை நகர்த்தவில்லை. தெருவில் ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள்.

மறுநாள் காலையில் பால்காரர் வந்தார்.

"ஏம்மா, அவரு சொல்றதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"பழைய எகிப்து வேதம்ணா. மூவாயிரம் வருசமா இருக்குது."

"மூவாயிரம் வருசத்துக்கு முன்னாடி செங்கம் இருந்துச்சா?"

ஊர்ப் பெயர்களை எடுத்துவிடலாம் என்று மொட்டை சாமியிடம் அன்றே கேட்டேன். அதற்குள் நீதிபதிகளுக்கு அந்த ஊர்கள் பழகியிருக்கும், திடீரென்று மாற்றினால் குழம்பிவிடுவார்கள் என்று மறுத்துவிட்டார்.

ஒரு வாரம் போனது. என் கணவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஆறு மணி ஆனால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவார். ஒரு நாள் தட்டில் கையை வைத்தபடி மெதுவாகச் சொன்னார்.

"அந்த வரப்பு லைனை மட்டும் எடுத்துடச் சொல்லேன்."

"ஏன்?"

"சும்மாதான்."

"சும்மான்னா?"

எங்கள் கழனிக்கும் பக்கத்துக் கழனிக்கும் நடுவில் ஒரு கல் உண்டு. அதை நான் பார்த்து வருடக்கணக்கு ஆகியிருந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடம் ஆன ஒரு மனுஷனை அன்றைக்குப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தேன். கோபம் வரவில்லை. அவர் காது சிவந்திருந்ததைப் பார்த்துப் பாவமாகத்தான் இருந்தது. நானும் மேலே போய்ச் சொல்லவில்லை. ஒரு வரியை எடுக்கச் சொன்னால் காரணம் கேட்பார் என்று தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஊராட்சி டிவி ரூம் வாசலில் கூட்டம் போட்டார்கள். மொட்டை சாமியை வரச் சொன்னார்கள், மொழிபெயர்க்க நானும் போனேன். அவர் குளித்து, புதிதாக மழித்து, வெள்ளைத் துணியில் வந்தார். உட்கார்ந்திருந்தவர்களை விரலால் எண்ண ஆரம்பித்தார்.

"முப்பத்தெட்டுப் பேர் இருக்கிறார்கள். இன்னும் நாலு பேர் வருவார்களா?" என்று என் காதில் கேட்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தன்னை விசாரிக்க ஓர் ஊரே இவ்வளவு அக்கறையாக உட்கார்ந்திருப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

ஊராட்சித் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலத்துல சத்தம் ஜாஸ்தியா இருக்குதுன்னு ஜனங்க சொல்றாங்க."

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து மாரியம்மன் கோயில் ஸ்பீக்கர் அலறியதில் கடைசி வார்த்தைகள் கேட்கவில்லை. ஆள் அனுப்பி அதை நிறுத்திவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.

"சத்தம் இல்லைங்க தலைவரே" என்றார் பால்காரர். "மைக் வெச்சுச் சொன்னாக்கூடப் பரவால்ல. அதுல ஒண்ணும் புரியாது. இவரு வாயால சொல்றாரு, ஒவ்வொரு வார்த்தையும் விளங்குது."

நான் மொழிபெயர்த்தேன். தன் தமிழ் உச்சரிப்பைப் பாராட்டுகிறார்கள் என்று மொட்டை சாமி நன்றி சொன்னார். பிறகு நிதானமாகப் பதில் சொன்னார். எந்த வரி தொல்லையாக இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன். ஆனால் அந்த வரிக்கு உரிய நீதிபதிக்கு நான் காரணம் சொல்ல வேண்டும், ஆகவே கேட்பவர் காரணத்தையும் சொல்லிவிட்டால் நல்லது.

அதை நான் தமிழில் சொன்னேன். பால்காரர், டிவி ரூம் சுவரில் ஒட்டியிருந்த சொட்டு மருந்து நோட்டீசை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஒட்டுக் கேட்பதில் பெயர் பெற்ற அம்மா ஒருவர் முந்தானையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். தலைவரே இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார். அவருக்கு எந்த வரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"மொத்தமா எடுத்துடச் சொல்லுங்களேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மொத்தமாக என்றால் நாற்பத்திரண்டு காரணம் வேண்டுமே" என்றார் மொட்டை சாமி வருத்தத்தோடு.

அப்போது என் கணவர் எழுந்து நின்றார். அவர் நிற்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"வரப்பு லைனை எடுத்துடுங்க. போன வருசம் ஆடியில கல்லை ஒரு முழம் அந்தாண்ட தள்ளிப் போட்டது நான்தான்."

எல்லோரும் பக்கத்துக் கழனிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அறுபது வயது மனுஷர், என் கணவர் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அடிக்கத்தான் எழுகிறார் என்று நினைத்து நான் குறுக்கே போனேன். அவர் எழுந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, நீ ஒரு முழம்தான் தள்ளின?"

"ஆமாண்ணா."

"அதுக்கு முன்னாடி சித்திரையில நான் உன் பக்கமா ஒரு முழம் தள்ளியிருந்தேன்டா."

"அதுக்கு முன்னாடி எங்கப்பா இருக்கச்சொல்ல..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"அது எனக்குத் தெரியும். உங்கப்பா தள்ளினதை எங்கப்பா திருப்பித் தள்ளினாரு."

இரண்டு பேரும் அங்கேயே மண்ணில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் கோடு போட்டு, யார் எப்போது எவ்வளவு தள்ளினார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கூட்டம் அவர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. மொட்டை சாமிக்கு நான் மெதுவாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் விசாரிக்கப்பட வந்தேன்" என்றார், ஏமாற்றத்தோடு. மாடு காத்துக்கொண்டிருக்கும் என்று சொல்லிப் பால்காரர் கிளம்பினார். மணி காலை பத்தரை.

கடைசியில் தலைவர் ஒரு வழி சொன்னார். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் சாரோட சொந்த எகிப்து பாஷையிலேயே சொல்லட்டும். மொட்டை சாமி தலையாட்டினார். அந்தப் பாஷையில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு, பழைய எகிப்தியர் உயிரெழுத்துகளை எழுதி வைக்காமல் போய்விட்டார்கள், ஆகவே எப்படி உச்சரித்தார்கள் என்று உலகத்தில் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, நான் சொல்வது நீதிபதிகளுக்கே புரியுமோ என்னவோ என்றார்.

"ரொம்ப நல்லது" என்றார் தலைவர்.

மூன்று வாரம் கழித்து சர்வேயர் சங்கிலியோடு வந்தார். வெயிலில் மத்தியானம் வரை அளந்தார். பிறகு எரிச்சலோடு எங்களைப் பார்த்தார்.

"கல்லு இருக்க வேண்டிய இடத்துலதானே இருக்குது. எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?"

இரண்டு தலைமுறையாக இரண்டு குடும்பமும் தள்ளித் தள்ளி, கல் தன் இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. பக்கத்துக் கழனிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். என் கணவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், என்னையும் கூட வைத்துக்கொண்டு கேட்டார்.

"கல்லு சரியான எடத்துல இருக்குதுன்னா, நான் பண்ணது தப்பா இல்லையான்னு கேளு."

மொட்டை சாமி அறைக்குள் போனார். பெட்டியைத் திறந்து சாமியைக் கேட்டார் போலிருக்கிறது. மறுநாள் காலையில் படியில் நின்று சொன்னார்.

"கல் தப்பான இடத்தில் இல்லை. ஆனால் நீங்கள் தள்ளினீர்கள்."

என் கணவர் அதைக் கேட்டுச் சண்டை போடுவார் என்று பார்த்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டார்.

எகிப்து பாஷையில் சொல்ல ஆரம்பித்த பிறகு தெருவுக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆறு மணிக்குப் பெண்கள் விளக்கேற்றிவிட்டு வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள்கூட எங்கள் வாசலில் நின்று, என்ன மந்திரம் என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். எனக்குத்தான் கேட்கக் கேட்க என்னவோ போல் இருந்தது. முன்பு அந்த வார்த்தைகள் ஆட்களை வீட்டுக்குள் விரட்டின. இப்போது அதே வார்த்தைகளுக்குக் கற்பூரம் காட்டினார்கள். அவரிடம் இதைச் சொன்னேன். எல்லா மதமும் அந்த வழியாகத்தான் போகும், டிராம் மாதிரி, தண்டவாளம் அப்படி என்றார்.

இரண்டு வருடம் இருந்தார். பிறகு விசா நீட்டிப்புக் கிடைக்காமல், பெட்டியைக் கம்பளி படாமல் பருத்தித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சென்னை பஸ்ஸில் ஏறினார். எதிர்வீட்டு நீள நடைக்காரர்தான் பஸ் ஸ்டாண்டு வரை சைக்கிளில் அவர் மூட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம் குடிவந்தது. தண்ணீர்த் தொட்டி மறுபடியும் நாள் முழுக்கத் தாங்கியது.

அதற்கு மறுவருடம் அவரிடமிருந்து ஒரு கடிதம். உடம்பு சரியில்லை, அடுக்குமாடி வீட்டில் சுவர்கள் மெல்லியவை, ஆகவே இப்போதெல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி. உங்கள் கழனிக்கு இந்த வருடம் மழை பெய்ததா?

பெய்யவில்லை. கிணறு தரை தட்டியிருந்தது. சீக்காளியான மனுஷருக்கு அதை எதற்கு எழுதுவது என்று, நல்ல மழை, ஏரி நிரம்பிவிட்டது என்று ஒரு ஏர் லெட்டரில் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். அன்று முழுக்க டைப் அடிக்க ஓடவில்லை. பொய் சொல்லவில்லை என்பதும் அந்த நாற்பத்திரண்டில் ஒன்று. மறுநாள் இன்னொரு கடிதம் எழுதினேன். நேற்று எழுதியது பொய், மழை இல்லை, மன்னிக்கவும். அதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும் வழியிலேயே இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் அடித்த மழையில் ஏரி நிஜமாகவே நிரம்பியது. நனைந்துகொண்டே போய் மூன்றாவது கடிதத்தைப் போட்டேன். முதல் கடிதத்தை நம்பலாம், இரண்டாவதை விட்டுவிடுங்கள். தபால் ஆபீசில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆபீசில் தேதி இல்லாமல் ஒரு காகிதம் அனுப்பியவள் இல்லை நான். கையால் எழுதும் கடிதத்தில் மட்டும் தேதி போடும் பழக்கம் கிடையாது. எங்கள் தபால் ஆபீஸ் முத்திரையிலும் தேதி தெரியாது, கறுப்பு மை வட்டம்தான் விழும். ஒன்றரை மாதம் கழித்து அவர் பதில் வந்தது. நடுங்கிய எழுத்து, இரண்டே வரி.

'மூன்று கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. எது முதல் கடிதம் என்று தெரியவில்லை. மழை பெய்ததா?'